கூட்டத்தின் குரல்: தொடக்ககால ராக் அண்ட் ரோல் மேடைப் பதிவுகள்

(இசை வரலாற்று அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் பண், தாளம், கல்வெட்டில் இசை என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது வெறும் சத்தம். 1950களில் அமெரிக்காவில் கிளம்பிய ராக் அண்ட் ரோலின் முதல் தலைமுறைப் பாடகர்கள் மேடையில் பாடும்போது பிடித்துவைக்கப்பட்ட ஒலிப்பதிவுகள்தான் இன்றைய பொருள். பாடகர்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆகவே என் கவனமெல்லாம் அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்.

1954 அக்டோபர் 16, சனிக்கிழமை இரவு. லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் ஊரின் முனிசிபல் ஆடிட்டோரியத்தில் 'லூசியானா ஹேரைடு' நிகழ்ச்சி நடக்கிறது. கேடபிள்யூகேஎச் வானொலி அதை நேரடியாக ஒலிபரப்புகிறது. வருகிறவர்கள் கண்ட்ரி இசை ரசிகர்கள், குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள். மெம்பிஸிலிருந்து வந்த 19 வயதுப் பையன் ஒருவனை அறிவிப்பாளர் ஃபிராங்க் பேஜ் மேடைக்கு அழைக்கிறார். இப்படிப் பாடும் பாணி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கிறார். தற்செயலாகத் தடுக்கி விழுந்து கண்டுபிடித்தோம் என்கிற மாதிரி பதில் சொல்கிறான் பையன். எல்விஸ் பிரெஸ்லி. பின்னால் கிடாரில் ஸ்காட்டி மூர், டபுள் பேஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. மூன்று மாதம் முன்பு வந்த தன் முதல் இசைத்தட்டின் இரண்டு பக்கப் பாட்டுகளையும் பாடுகிறான். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்கிறது. விருந்தாளிப் பையனுக்குத் தட்டுகிற கைதட்டல், அவ்வளவுதான்.

அதே ஹேரைடு, 1956 டிசம்பர் 15. ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்துக்கொண்டு போகும் எல்விஸ் பாடும் கடைசி நிகழ்ச்சி. பழைய அரங்கு போதாதென்று கண்காட்சி மைதானத்துக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவும் இருக்கிறது. ஆனால் இதில் பாட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வீறிடல். பெண்பிள்ளைகளின் குரல் ஒரே சுருதியில் நின்று, சில நொடிகளில் மேலே ஏறுகிறது. அவர் தோளையோ காலையோ அசைத்திருக்கிறார் என்று அதிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. உடன் வாசித்தவர்களுக்கும் இதே கதிதான். டிரம்ஸ்காரர் டி.ஜே. ஃபோன்டானாவுக்குப் பாட்டு காதில் விழாது. எல்விஸின் உடம்பு அசைவதைப் பார்த்துப் பார்த்துத் தாளம் போட்டார். முடிவில், கலையாத கூட்டத்தைப் பார்த்து, நிகழ்ச்சியை நடத்திய ஹோரஸ் லோகன், எல்விஸ் கட்டடத்தைவிட்டுப் போய்விட்டார் என்று கெஞ்சாத குறையாக அறிவிக்கிறார். ஆங்கிலத்தில் அது பின்னால் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

இடைப்பட்ட இருபத்தாறு மாதங்களில் அந்தக் குரலின் வண்ணம் பெரிதாக மாறவில்லை. மாறியது எதிர்ப்பக்கம். ஸ்டுடியோவில் பதிவான இசைத்தட்டுகள் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் இந்த மாற்றத்துக்கு ஒலிச்சான்றே இருந்திருக்காது. நான் இன்று சொல்லவந்த விஷயமும் அதுதான். இந்த இசையில் பாதியைச் செய்தவர்கள் கூட்டத்தார். அந்தப் பாதியைப் பதிவுசெய்ய வேண்டும் என்று இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு வெகுகாலம் தோன்றவே இல்லை. நமக்குக் கிடைத்திருப்பதில் பெரும்பங்கு வேறு வேலையாகப் போன யார் யாரோ பிடித்துவைத்தது.

கம்பெனிக்காரர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அன்றைய இளவட்டங்கள் வாங்கியது ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள சிறிய 45 சுழற்சித் தட்டு. நீண்ட எல்.பி. தட்டு பெரியவர்களுக்கான சரக்கு. மேடைப் பதிவு என்றால் எல்.பி.தான் போடமுடியும். அதைவிட முக்கியம், கச்சேரி என்று நாம் நினைக்கிற ஒன்று அன்றைக்கு அவர்களுக்குக் கிடையாது. வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட் புரூக்ளின் பாரமவுன்ட் தியேட்டரில் நடத்திய நிகழ்ச்சிகளில் ஒரே மேடையில் பத்துப் பன்னிரண்டு குழுக்கள் வரிசையாக வரும். ஒருவருக்கு இரண்டு மூன்று பாட்டு. பாடிவிட்டு இறங்கவேண்டும், ஒரே நாளில் பல காட்சிகள். பத்து நிமிடப் பாட்டை வைத்துக்கொண்டு எல்.பி. எப்படிப் போடுவது?

இன்னொரு காரணம் தொழில் சார்ந்தது. மெம்பிஸில் சாம் பிலிப்ஸ் தன் சன் ஸ்டுடியோவில் இரண்டு டேப் எந்திரங்களை இணைத்து, குரல் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்துத் திரும்பி ஒலிக்கும்படி செய்தார். அந்த எதிரொலிதான் சன் தட்டுகளின் முத்திரை. மேடையில் அது வராது. கிடார் மட்டுமாவது அப்படி ஒலிக்கட்டும் என்று, உள்ளேயே எதிரொலி நாடா பொருத்தி ரே பட்ஸ் செய்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஸ்காட்டி மூர் 1955இல் வாங்கினார். குரலுக்கு வழியில்லை. தட்டில் கேட்டது ஒன்று, அரங்கில் கேட்பது ஒன்று. அரங்கில் கேட்பதைத் தட்டாக்கினால் யார் வாங்குவார்கள் என்று கம்பெனிகள் நினைத்ததில் தப்பில்லை.

எனவே முதல் சில ஆண்டுகளுக்கு நாம் வானொலியையும் தொலைக்காட்சியையும்தான் நம்பவேண்டியிருக்கிறது. தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பாகும். டியூப் திரையைப் பார்த்து ஒரு படக் கேமராவைத் திருப்பிவைத்துப் பிடித்துவைப்பார்கள். கினெஸ்கோப் என்று பெயர். படம் மங்கல், ஒலி தகரம். ஆனாலும் 1957 ஜூலை 28 அன்று ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சியில் ஜெர்ரி லீ லூயிஸ் பியானோ முன் இருந்த முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ள, ஆலன் அதைத் திருப்பி வீசியடித்த காட்சி அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. பட்டி ஹோலி 1958 ஜனவரியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பாடியதும் அப்படியே. அதில் அவருடைய கிடார் ஒலி அடங்கிப்போய்க் கேட்கிறது. சல்லிவனுக்கும் ஹோலிக்கும் பாட்டுத் தேர்வில் மனஸ்தாபம், அதனால்தான் ஒலியைக் குறைத்தார்கள் என்பது ரசிகர்கள் விடாமல் சொல்லிவரும் கதை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், கிடார் கைவிட்டுப்போனதை ஈடுகட்டத் தொண்டையைத் திறந்து பாடுகிறார் மனிதர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி விமான விபத்தில் இறந்தார். 22 வயது.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் பதிவுக்கு வருகிறேன். ரே சார்ல்ஸை ராக் அண்ட் ரோல் கணக்கில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். 1986இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கு தன் முதல் பட்டியலை அறிவித்தபோது எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஜெர்ரி லீயோடு ரே சார்ல்ஸும் சாம் குக்கும் அதில் இருந்தார்கள். எனக்கு அது போதும்.

1959 மே 28. அட்லான்டா நகரின் ஹெர்ன்டன் ஸ்டேடியம். மோரிஸ் பிரவுன் கல்லூரிக்குச் சொந்தமான திறந்தவெளி. மழை இரவு. நிகழ்ச்சியை நடத்தியது டபிள்யூஏஓகே என்ற உள்ளூர் வானொலி. அதன் அறிவிப்பாளர் ஜீனஸ் சியர்ஸ் கூட்டத்துக்குள் ஒரே ஒரு மைக்கை வைத்து எல்லாவற்றையும் பதிவுசெய்துவிட்டார். அட்லான்டிக் கம்பெனி மறு ஆண்டு அதை எல்.பி.யாக வெளியிட்டது. சபாவில் யாரோ ரசிகர் மடியில் வைத்துப் பிடித்த பழைய கேசட்டைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்தச் சூழல் புதிதல்ல. பக்கத்து ஆசாமியின் 'பலே'யும் இருமலும் கச்சேரியில் சேர்த்தி.

ஒற்றை மைக் என்பதால் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் சுவர் இல்லை. 'டிரவுன் இன் மை ஓன் டியர்ஸ்' என்ற பாட்டை அன்று ரே சார்ல்ஸ் எடுத்த காலப்பிரமாணத்தைக் கவனியுங்கள். அதைவிட மெதுவாக எடுத்தால் பாட்டு நின்றுவிடும். இரண்டு தட்டுக்கு நடுவில் அவ்வளவு இடம் விடுகிறார். அந்த இடத்தைக் கூட்டம் நிரப்புகிறது. தனித்தனியாக ஆட்கள் குரல் கொடுக்கிறார்கள், சரி, சொல்லு, இன்னும் சொல்லு என்கிற பாவத்தில். கறுப்பர்களின் தேவாலயங்களில் போதகருக்குச் சபையார் எதிர்க்குரல் கொடுக்கும் வழக்கம் அப்படியே மைதானத்துக்கு வந்துவிட்டது. பின்குரல் பாடும் மார்ஜி ஹென்ட்ரிக்ஸ் உறுமிக்கொண்டு உள்ளே வரும் இடத்தில் மைதானமே பொங்கி எழுவது கேட்கும். அன்று ரே சார்ல்ஸ் பாடிய 'வாட்'ட் ஐ சே' இசைத்தட்டாகக் கடைக்கே வந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வந்தது. தட்டைக் கேட்டுப் பழகிய ரசிகர்கள் பாட்டை அடையாளம் கண்டு தட்டும் கைதட்டல் அதில் இல்லை. அந்த நிமிடத்தில் காதில் விழுந்ததற்குத்தான் மறுமொழி. இன்றைய பெரிய அரங்குப் பதிவுகளில் முதல் இரண்டு சுரம் விழுந்ததும் எழும் ஆரவாரத்தை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காததற்கு அட்லான்டா பதிவும் ஒரு காரணம். இப்போதெல்லாம் பாட்டைக் கேட்பதற்கு முன்பே அதைப் பாராட்டிவிடுகிறோம்.

கூட்டத்தின் சத்தத்துக்கு விலை இருக்கிறது என்று கம்பெனிகள் பிறகு கண்டுகொண்டன. கண்டுகொண்டதும் முதலில் என்ன செய்தன? அதைத் தாங்களே தயாரித்தன. லக்னோவில் பிறந்து இங்கிலாந்தின் ராக் நட்சத்திரமான கிளிஃப் ரிச்சர்டின் முதல் எல்.பி. 1959 பிப்ரவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ரசிகர்களை அழைத்து உட்காரவைத்துப் பதிவானது. அது நாணயமான ஏற்பாடு, ஆட்களாவது நிஜம். 1967இல் லிட்டில் ரிச்சர்டுக்கும் ஹாலிவுட்டில் ஒரு ஸ்டுடியோவை இரவு விடுதிபோல் ஆக்கி அப்படித்தான் செய்தார்கள். சிகாகோவின் செஸ் கம்பெனி இதையெல்லாம் தாண்டியது. 1963 ஆகஸ்டில் 'சக் பெர்ரி ஆன் ஸ்டேஜ்' என்றொரு எல்.பி. வெளியிட்டது. அட்டையில் மேடை, உள்ளே அறிவிப்பாளர் முன்னுரை, பாட்டுக்குப் பாட்டு ஆரவாரம். எல்லாம் ஸ்டுடியோவில் ஏற்கெனவே பதிவான பாட்டுகள். கைதட்டலும் கூச்சலும் மேலே பூசியது. கூர்ந்து கேட்டால் பாட்டு ஓர் அறையிலும் கூட்டம் வேறோர் அறையிலும் இருப்பது தெரியும். பாடகர் என்ன செய்தாலும் கூட்டம் தன்பாட்டுக்குக் கத்துகிறது. 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' மெட்டை எடுத்து பீச் பாய்ஸ் அந்த ஆண்டு 'சர்ஃபின் யுஎஸ்ஏ' என்று பிரபலமாக்கியிருந்தார்கள் அல்லவா, பெர்ரியின் மூலப் பாட்டுக்கே தட்டில் அந்தப் புதுப்பெயரைச் சூட்டிவிட்டார்கள். இந்தத் தட்டு கடைக்கு வந்த நாளில் பெர்ரி மேடையில் இல்லை. சிறையில் இருந்தார். 1962 பிப்ரவரியில் உள்ளே போனவர் 1963 அக்டோபரில்தான் வெளியே வந்தார்.

இத்தனைக்கும் பெர்ரி நிஜமாகவே மேடையில் பிடிபட்ட படம் ஒன்று அதற்குமுன் வந்திருந்தது. 1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவை பெர்ட் ஸ்டெர்ன் எடுத்த 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே'. அதில் பெர்ரிக்குப் பக்கவாத்தியம் ஜாஸ் வித்வான்கள். டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ். நடுவில் ஒருவர் கிளாரினெட்டில் ஒரு சுற்று வாசித்துவிட்டுப் போகிறார். பொருந்தாத சம்பந்தம். ஆனால் கால்கள் ஆடுகின்றன.

போலியாக ஒன்றைச் செய்தார்கள் என்றால், நிஜமான ஒன்றை அலமாரியில் வைத்துப் பூட்டியதும் அதே 1963தான். ஜனவரி 12ஆம் தேதி மயாமி நகரில் கறுப்பர்கள் வாழும் ஓவர்டவுன் பகுதியின் ஹார்லெம் ஸ்குவேர் கிளப்பில் சாம் குக் பாடியதை ஆர்சிஏ கம்பெனியே ஆள் அனுப்பிப் பதிவுசெய்தது. கேட்டுப்பார்த்தவர்கள் பயந்துவிட்டார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் நுழைந்திருந்த மென்குரல் அது. இங்கே கரகரத்துக் கத்துகிறது, கிங் கர்டிஸின் சாக்சபோனோடு மல்லுக்கு நிற்கிறது, கூட்டத்தோடு சேர்ந்து கூத்தாடுகிறது. 1964இல் நியூயார்க்கின் கோபாகபானா விடுதியில், சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் முன் அவர் பாடிய நாகரிகமான பதிவு உடனே வெளிவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சாம் குக் சுட்டுக்கொல்லப்பட்டார். மயாமி பதிவு வெளிவந்தது 1985இல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே பாடகர் இரண்டு கூட்டத்துக்கு இரண்டு ஆளாக இருப்பது தெரியும். எது உண்மையான சாம் குக் என்று கேட்காதீர்கள். இரண்டிலும் எதிரில் இருந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து பாடியிருக்கிறார்.

அடுத்தது ஹாம்பர்க். இந்தத் துறையில் ஒரே ஒரு தட்டை வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

ஜெர்ரி லீ லூயிஸ் 1958 மே மாதம் இங்கிலாந்துக்குப் பாடப்போனபோது, அவர் மணந்திருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு வயது 13 என்பது வெளியே வந்தது. மூன்றே நிகழ்ச்சிகளோடு ஊர் திரும்பினார். பத்திரிகைகள் கேட்ட கேள்வி நியாயமானது. நான் அவருக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். இரவுக்கு 10,000 டாலர் வாங்கியவர் 250 டாலருக்குச் சின்னச் சின்ன விடுதிகளில் வாசிக்கும்படி ஆயிற்று என்பார்கள். 1964இல் பீட்டில்ஸ் அலை வந்து, அவர் தலைமுறையையே கரையில் ஒதுக்கியது. அந்த ஏப்ரல் 5ஆம் தேதி, அதே பீட்டில்ஸ் இரண்டு ஆண்டுக்கு முன் தொழில் பழகிய ஸ்டார் கிளப் மேடையில் ஏறினார் லூயிஸ். துறைமுகத்தை ஒட்டிய சாங்க்ட் பவுலி பகுதியில் குரோசே ஃபிரைஹைட் தெருவில் இருந்த விடுதி அது. பக்கவாத்தியம் நாஷ்வில் டீன்ஸ். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். எல்லாரும் இங்கிலாந்தின் சரே பக்கத்துப் பையன்கள்.

பதிவுசெய்தவர் பிலிப்ஸ் கம்பெனியின் சிகி லோக். 23 வயது, ஜாஸ் பைத்தியம். பிற்காலத்தில் ஆக்ட் என்ற ஜாஸ் கம்பெனியைத் தொடங்கியவர். அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. வாத்தியங்களுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக மைக்குகள். கூட்டத்துக்குள் ஒரு ஸ்டீரியோ மைக். விளைவு, பியானோ நம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது. சமநிலை என்று ஒன்று கிடையாது. டிரம்ஸும் கிடாரும் பின்னால் துரத்திக்கொண்டு ஓடிவருகின்றன. லூயிஸ் வேகத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றுகிறார். பையன்கள் ஓரிரு தட்டு தாமதித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். வலக்கை மேல்கட்டைகளை விரலால் வழித்துக்கொண்டு இறங்கும் ஒலியில் சுரம் பாதி, கட்டையின் ஓசை பாதி. 'யுவர் சீட்டின் ஹார்ட்' என்ற கண்ட்ரி பாட்டு ஒன்றில்தான் கேட்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம்.

அட்லான்டாவில் ரே சார்ல்ஸ் பாடிய 'வாட்'ட் ஐ சே' இங்கும் வருகிறது. அங்கே கூட்டம் பாட்டுக்குள் இருந்தது. இங்கே கூட்டத்துக்கு ஆங்கிலம் அரைகுறை. அவர்களுக்குப் பிடிபட்ட ஒரே சொல் அவர் பெயர். ஜெர்ரி, ஜெர்ரி என்று தாளத்தோடு தரையை உதைத்துக் கத்துகிறார்கள். அமெரிக்கா துரத்தியடித்த மனிதரின் பெயரை ஜெர்மானியத் துறைமுகத்தில் ஒரு கூட்டம் உச்சாடனம் செய்கிறது. அவர் அதற்கு மேல் இன்னொரு கத்தல் கத்துகிறார். அவருக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதும் கடுங்கோபத்தில் இருக்கிறார் என்பதும் ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. மொத்தத் தட்டும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் உடனே இன்னொரு தட்டைப் போடத் தோன்றாது. ஒப்பந்தச் சிக்கலால் அமெரிக்கக் கடைகளில் அது வெகுகாலம் கழித்தே வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அலபாமா மாநிலத்து பர்மிங்காமில் அவர் பாடிய பதிவை அமெரிக்காவில் போட்டார்கள். நல்ல தட்டுதான். ஹாம்பர்க்கைக் கேட்டவர்களுக்கு அது போதாது.

1960களின் இறுதியில் இவர்களில் பலர் பழைய நினைவுகளின் பிரதிநிதிகளாக மீண்டும் மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். 1969 செப்டம்பரில் டொரான்டோவில் நடந்த பெருவிழாவில் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், லூயிஸ், போ டிட்லி எல்லாரும் பாட, ஜான் லெனனும் வந்து அவர்கள் காலத்துப் பாட்டுகள் சிலவற்றைப் பாடினார். படமும் தட்டும் உண்டு. அதை நான் தாண்டிப்போகிறேன்.

பெர்ரி அப்போது கிடாரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தனியே போவார். பணம் முன்கூட்டியே கையில் வந்தால்தான் மேடை ஏறுவார். அந்தந்த ஊரில் கிடைக்கும் பையன்கள்தான் பக்கவாத்தியம், ஒத்திகை கிடையாது. 1972 பிப்ரவரி 3 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒரு கலைவிழாவில் இப்படிப் பாடினார். கூட்டம் பெரும்பாலும் மாணவர்கள். இரட்டை அர்த்தம் தொனிக்கும் ஒரு விளையாட்டுப் பாட்டு. 1950களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸின் டேவ் பார்த்தலோமியூ எழுதியது. அதை எடுத்துக்கொண்டு ஆண்கள் ஓரடி, பெண்கள் ஓரடி என்று பிரித்து, வகுப்பு நடத்துவதுபோல் பாடவைக்கிறார். பெர்ரி பாடியதைவிடக் கூட்டம் பாடியதே அதிகம். 'மை டிங் எ லிங்' என்ற அந்தப் பதிவு அட்லான்டிக்கின் இரு கரையிலும் முதலிடம் பிடித்தது. கிடார் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடமான 'ஜானி பி. குட்' எழுதியவருக்கு, அமெரிக்கப் பாப் பட்டியலில் வாழ்நாளில் கிடைத்த ஒரே முதலிடம் அதுதான். இங்கிலாந்தில் ஒழுக்கக் காவலர் மேரி வைட்ஹவுஸ் அம்மையார் அதைத் தடைசெய்யச் சொல்லி பிபிசியோடு மோதினார். பெர்ரியின் ரசிகர்களில் பலருக்கும் அந்தப் பாட்டு கௌரவக் குறைச்சல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழுப் பதிவையும் கேட்டால், அந்தக் கூட்டத்தை அவர் எப்படி ஓரங்குலம் ஓரங்குலமாகத் தன் பக்கம் இழுக்கிறார் என்று தெரியும். தொழில் தெரிந்தவர் செய்யும் காரியம்.

அந்தப் பதிவு 'லண்டன் சக் பெர்ரி செஷன்ஸ்' எல்.பி.யின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பாட்டெல்லாம் முடிந்தபிறகும் தட்டு ஓடிக்கொண்டிருக்கும். விழாக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, அடுத்து பிங்க் ஃபிளாய்ட் வரவேண்டும், தயவுசெய்து அரங்கைக் காலிசெய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். கூட்டம் நகர்வதாக இல்லை. சக் வேண்டும், சக் வேண்டும் என்று கோஷம் போடுகிறது. வெளியிட்டது செஸ், கைதட்டலை வெளியிலிருந்து கொண்டுவந்து பூசிய அதே பெயர், முதலாளிகள் மட்டும் மாறியிருந்தார்கள். இம்முறை நிஜக் கூச்சலை வெட்டாமல் அப்படியே விட்டுவைத்தார்கள். விழாக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.